நெய்க்கு நான் தொழில்முனைவோர், பருப்புக்கு யார்?

அனுப்புநர்: நெய், மளிகைக் கடைக்காரன், கடைவீதி, ராசிபுரம்.
பெறுநர்: குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் அமைச்சகம், புதுடில்லி.
பொருள்: எங்களை வளர்த்துவிடுவது தொடர்பாக.

ஐயா,

தங்கள் உத்யம் பதிவுச் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு, கல்லாப்பெட்டிக்கு மேலே லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். காலையில் கொளுத்துகிற ஊதுவத்தி அதற்கும் சேர்த்துத்தான். பதிவு இலவசம் என்று அறிவித்திருந்தீர்கள். இலவசமேதான். பிரவுசிங் சென்டர் தம்பி மட்டும் முன்னூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். கம்ப்யூட்டர் அவருடையது, கண் தெரியாதது என்னுடையது, நியாயம்தானே.

இனிஷியலில் எங்கள் ஊரைச் சுமந்துகொண்டு உலகம் சுற்றியவர் ஆர்.கே. நாராயண். 1952இல் வந்த அவருடைய ‘த ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்’ நாவலில் மார்கய்யா என்று ஒருவர் வருவார். கூட்டுறவு வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் தகரப்பெட்டியோடு உட்கார்ந்து, குடியானவர்களுக்குக் கடன் மனு எழுதிக்கொடுத்துப் பிழைப்பார். இப்போது ஆலமரத்துக்குப் பதில் பிரவுசிங் சென்டரில் ஃபேன் ஓடுகிறது. மனு அதே மனுதான்.

கடன் கொடுப்பதில் தங்களை மிஞ்ச ஆளில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2015இல் முத்ரா கடன் திட்டம் வந்தது. ஐம்பதாயிரம் வரை சிசு, ஐந்து லட்சம் வரை கிஷோர், அதற்கு மேல் தருண். அறுபத்தொரு வயதில், பேரன் எடுத்த பிறகு, வங்கி ஏட்டில் நான் சிசு. வீட்டுக்காரியிடம் சொன்னேன். “அப்பத் தவழ்ந்து போயாச்சும் கட்டி முடிங்க” என்றாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2017இல் சில்லறை, மொத்த வியாபாரிகளைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டாம் என்றீர்கள். நான்கு வருடம் வாசலில் நின்றோம். 2021 ஜூலை 2ஆம் தேதி உள்ளே கூப்பிட்டீர்கள். அன்றைக்கு எங்கள் கடைவீதியில் இனிப்பு வழங்கியவர்கள் உண்டு. சுற்றறிக்கையைக் கடைசி வரி வரைக்கும் படித்தவர்கள் அந்த இனிப்பை வாயிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார்கள். வியாபாரிகளுக்குச் சலுகை உண்டு, ஆனால் முன்னுரிமைக் கடன் பிரிவில் கடன் வாங்குவதற்கு மட்டும் என்று அதில் இருந்தது. பந்தியில் உட்காரவைத்து இலை போட்டு, சாப்பாட்டுக்கான பில்லை மட்டும் பரிமாறின மாதிரி. குறுந்தொழிலுக்கு இத்தனை சதவீதம் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி ஒரு இலக்கு வைத்திருக்கிறதாம். அதை நிரப்புவதற்கு எங்கள் முகம் தேவைப்பட்டிருக்கிறது. முகத்துக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

என்ன கிடைக்கவில்லை என்று தாங்கள் கேட்கமாட்டீர்கள், நானே சொல்கிறேன். தங்கள் 2006ஆம் வருடத்துச் சட்டம் அருமையான சட்டம். குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு எடுத்தவர், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. படித்தபோது கண்ணில் நீர் வந்தது. சரக்கு கொடுத்தவன் பக்கம் நின்று இப்படி யார் பேசியிருக்கிறார்கள்? பிறகுதான் தெரிந்தது, வாங்கி விற்கிறவனுக்கு அது பொருந்தாது.

இங்கேதான் என் உடம்பு இரண்டாகப் பிளந்தது. ராசிபுரம் நெய் என்றால் தெரியாதவர்கள் குறைவு. சுற்றுப்பட்டுக் கிராமத்து வெண்ணெயை வாங்கி, கடைக்குப் பின்னால் நானே உருக்குகிறேன். முருங்கைக்கீரை கிள்ளிப் போட்டு, அடியில் கசடு பொன்னிறமாகும் வரைக்கும் அடுப்பருகே நிற்பேன். அந்த நேரத்தில் நான் உற்பத்தியாளன், சட்டம் முழுசாக எனக்கு உண்டு. கரண்டியை வைத்துவிட்டு முன்பக்கம் வந்து துவரம்பருப்பை நிறுத்துக் கொடுக்கும்போது நான் வியாபாரி, சட்டம் கிடையாது. நடுவில் பத்தடி தூரம், ஒரு கித்தான் படுதா.

இது வேதாந்தம் இல்லை, பாக்கி வசூல். ஒரு ஹோட்டல்காரர் என்னிடம் நெய்யும் எடுக்கிறார், பருப்பும் எடுக்கிறார். இரண்டு வருடமாக அவர் ஆடிட்டர் வார்த்தைக்குக் கட்டுப்பட்டவர். 45 நாளுக்குள் கட்டாத பாக்கியை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் ஒரு உட்பிரிவு வந்திருக்கிறதல்லவா? அதனால் மார்ச் பிறந்தால் நெய்க் கணக்கு பைசா சுத்தமாக வந்துவிடுகிறது. பருப்புக் கணக்கைக் கேட்டால், “அது டிரேடிங்காமுங்ணா, ஆடிட்டர் அவசரமில்லைன்ட்டாரு. திங்கக்கெழம பாத்துக்கலாமுங்ணா” என்கிறார். எந்தத் திங்கட்கிழமை என்று அவரும் சொல்லவில்லை, பஞ்சாங்கத்திலும் போடவில்லை. அந்தப் பருப்புக்கு சேலம் லீ பஜார் மண்டியில் நான் ரொக்கம் கொடுத்தாகிவிட்டது. (நெய்க்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டியை 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆக்கியதற்கு நன்றி. அதையும் நெய்யின் அதிர்ஷ்டத்தில்தான் சேர்க்க வேண்டும்.)

பருப்புப் பாக்கியால் கையில் ஓட்டம் நின்றுபோகிறது. வங்கிக்குப் போகிறேன். சலுகை இருக்கிறதே, உடனே கடன் கிடைக்கிறது. ஹோட்டல்காரர் எனக்குத் தர வேண்டிய தொகைக்கு நான் வட்டி கட்டுகிறேன். இதற்குத்தான் ‘வளர்ச்சி’ என்று தங்கள் விளம்பரத்தில் பெயர் போட்டிருக்கிறது என நினைக்கிறேன். கடன் நிஜமாகவே வளர்கிறது.

2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பத்துக் கோடி விற்றுமுதல் வரைக்கும் ‘குறு’ என்று வரம்பை உயர்த்தியிருக்கிறீர்கள். ஐந்நூறு கோடி வரை ‘நடுத்தரம்’. இருபது கிலோ நெய் டின்னைத் தோளில் தூக்குகிறவனும் அந்த ஐந்நூறு கோடிக்காரரும் ஒரே அமைச்சகத்துப் பிள்ளைகள் என்பதில் பெருமைதான். தீபாவளிக்கு அண்ணன்காரர் துணி எடுத்துக் கொடுத்தால் பெருமை இன்னும் கூடும்.

தங்கள் துறையைச் சேராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரிடம் சொல்வது என்று தெரியாததால். எங்கள் பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே அணைப்பாளையத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்து, 2024இல் கடையடைப்பு வரைக்கும் போனது. நாமகிரிப்பேட்டையிலிருந்தும் வெண்ணந்தூரிலிருந்தும் வருகிற அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி, பூ வாங்கி, வளையல் கடையை எட்டிப் பார்த்து, என்னிடம் கால் கிலோ நெய் வாங்கி, அடுத்த பஸ் பிடிப்பார். எந்த விளம்பரமும் இல்லாமல் இத்தனை வருடம் கடைவீதியை வளர்த்தது அந்த நடைதான். அதற்கு மனுவும் இல்லை, வட்டியும் இல்லை. பஸ் வேறு இடத்தில் நின்றால் அந்த அம்மாவைக் கூட்டி வர ஏதாவது கடன் திட்டம் வைத்திருக்கிறீர்களா? கேட்பது தருண் கடன் வரைக்கும் போகத் தயாராயிருக்கிற ஒரு சிசு.

என் வேண்டுகோள் சின்னது. படுதாவை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் துவரம்பருப்பையும் வாணலியில் லேசாக வறுத்து விற்றால் நான் உற்பத்தியாளன் ஆவேனா என்பதையாவது தெரிவியுங்கள். வாணலி தயாராக இருக்கிறது.

பதிலை 45 நாளுக்குள் அனுப்ப வேண்டிய கட்டாயம் தங்களுக்கு இல்லை. இதை நான் கடையின் முன்பக்கம் உட்கார்ந்துதான் எழுதினேன். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாமுங்க.

இப்படிக்கு,
தங்கள் பதிவேட்டில் பாதி ஆள்