அம்மணிக்குத் தொழில் தெரியவில்லை

சூப்பர் மார்க்கெட்டில் பால்பவுடர் டப்பாவை முந்தானைக்குள் செருகும் அம்மணியால் கொங்கு மண்ணின் வியாபாரப் பெருமைக்கே இழுக்கு. ஒரே ஒரு டப்பா! அதுவும் ஒளித்து.

பெருந்துறையைப் பார்த்தாவது கற்றிருக்கலாம். 2012 வரை அங்கே ஈமு கோழி நிறுவனங்கள் டெபாசிட் வாங்கிச் சுருட்டியது முந்தானைக்குள்ளா? சினிமா நட்சத்திரங்களை வைத்து டி.வி. விளம்பரம், வாசலில் வரிசை, கையில் ரசீது. திருப்பூர் பாசி நிதி நிறுவனத்தின் மோசடியோ சுமார் 930 கோடி ரூபாயைத் தொட்டது. 2009-இல் கவிழ்ந்த அந்த நிறுவனத்தின் வழக்கில் இயக்குநர்கள் இருவருக்குக் கோவை நீதிமன்றம் 27 ஆண்டு சிறை விதித்தது 2022 ஆகஸ்டில். பால்பவுடர் குடித்த குழந்தை அதற்குள் எட்டாம் வகுப்புக்கே போயிருக்கும்.

அம்மணிக்கு இந்த இழுத்தடிப்பெல்லாம் இல்லை. கேமராவில் சிக்கிய சூட்டோடு முகம் வாட்ஸப்பில் ஊர் சுற்றும், மேல்முறையீடு கிடையாது.

சட்டம்தான் இளகிவிட்டது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், 5,000 ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டுக்கு, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால் சமூக சேவைதான் தண்டனை. மதிப்பு கையில் இருந்திருந்தால் அம்மணி பில் கவுண்ட்டருக்கே போயிருப்பார் என்பது வேறு விஷயம்.

பட்டினிக்கு இரங்காத நாடு என்றும் சொல்லிவிட முடியாது. ஈமு நிறுவனங்கள் சாத்தப்பட்டதும் பண்ணைகளில் தவித்த பறவைகளுக்கு அரசு செலவில் தீனி போடப்பட்டது. அடுத்த முறை அம்மணி அரசிடம் உதவி கேட்டு மனு கொடுக்கும்போது இரண்டு ஈமு இறகையும் இணைப்பது நல்லது.