மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஒரு விளக்கம்

பதிவேடுகளைக் கண்ணின் மணிபோலக் காக்கும் மேன்மை தங்கிய அலுவலகத்தின் சமூகத்துக்கு,

ஓசூர் மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஓர் எளியவனின் வணக்கம். (ஊர்ப் பெயருக்குள்ளேயே கண்டம் ஒளிந்திருப்பதை இன்றுதான் கவனித்தேன்.)

தங்கள் பதில் 29ஆம் நாள் வந்து சேர்ந்தது. 30 நாள் கெடுவில் ஒரு நாள் மிச்சம் பிடித்த வேகத்தை என்னவென்று புகழ்வேன்! தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நான் கேட்டது பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரின் பழுதுபார்ப்புக் குறிப்பும், ஆசிரியர் பயிற்சிக் கையேடும். தாங்கள் அருளியது: மேற்படி பொருள் கண்டம் (உதவாதென்று கழிவு) செய்யப்பட்டதால் ஆவணங்கள் இல்லை. அதோடு விட்டீர்களா? கண்டம் செய்யப்பட்ட அரசுப் பொருள் உம்மிடம் வந்தது எப்படி, ஏழு நாளில் விளக்கம் தருக என்று என்னையே கேட்டுவிட்டீர்கள்.

தண்ணீரில் கண்டம் என்றுதான் என் ஜாதகத்தில் இருந்தது. பதிவேட்டில் கண்டம் என்று எந்த ஜோசியரும் சொல்லவில்லை.

விளக்கம் இதோ. சிப்காட் பக்கம் ஒரு காயலான் கடையில், லேத் பிசிறுகளுக்கு அடியில் கிடந்தது. மொகாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் தயாரித்த ‘யுனிகார்ன்’. மூலம் கேம்பிரிட்ஜின் ஏகார்ன் செய்த பிபிசி மைக்ரோ, 1981. 6502 சிப், 32 கேபி நினைவகம். நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கடைக்காரர் நாலாகவே போட்டார்.

சுவிட்சைப் போட்டதும் பவர் சப்ளையில் இருந்த பழைய ரீஃபா கப்பாசிட்டர் வெடித்து வீடெல்லாம் புகை. காகிதச் சுருள் வைத்த ரகம். மேலுறையில் விரிசல் விட்டு ஈரம் குடித்தால் இப்படித்தான். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோடு போய் மாற்றுக் கப்பாசிட்டர் வாங்கினேன். “மியூசியம்கே கொட்பிடி சார்” (மியூசியத்துக்குக் கொடுத்துவிடுங்கள்) என்றார் அந்தக் கடைக்காரர். மாற்றியபின் ஒரே நீண்ட ‘பீ...’ சத்தம். நல்ல மெஷின் என்றால் அந்தச் சத்தம் சட்டென்று நின்று, இன்னொரு ‘பீப்’ வரவேண்டும். சவுண்ட் சிப் தானாகக் கத்தத் தொடங்கும். பிராசசர் விழித்துக்கொண்டு அதன் வாயை அடைக்கும். என் மெஷினில் அடைக்க ஆளில்லை.

சர்க்யூட் படம் கிடைத்துவிட்டது, வேறு கண்டத்திலிருந்து. நாற்பது வருஷத்துக்கு முந்தைய சர்வீஸ் மேனுவலை இங்கிலாந்துக்காரர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கண்டத்தில்தான் எல்லாமே கண்டம்.

1984-85இல் பள்ளிகளில் கணினிக் கல்விக்காகத் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் நாடு முழுக்க 12,000 மெஷின்கள் வந்தன. எங்கள் பள்ளிக்கும் வந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னீர்கள். கண்ணாடிக்கு வெளியே வரிசையில் நிறுத்திக் காட்டினீர்கள். ஒரு விசையைத் தொட விடவில்லை. தொடவிடாமலே கெடுத்தீர்கள், கெட்டதைத் திறந்து பார்க்கவும் விடவில்லை, அதை எப்படித் திறப்பது என்று எழுதிய காகிதத்தையும் எடைக்குப் போட்டீர்கள். தூக்கிப்போட்டதற்கு மட்டும் சீரியல் நம்பரோடு பதிவேடு வைத்திருக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா?

மன்னிக்கவும். மெஷின் சத்தத்தில் கொஞ்சம் நிதானம் தவறிவிட்டது. தங்கள் பெருந்தன்மை நான் அறியாததா?

தாழ்மையான கோரிக்கை ஒன்று. தங்கள் பீரோக்களுக்குப் பின்னால், சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே, கண்டத்துக்குத் தப்பிய கையேடு ஏதாவது விழுந்து கிடக்கலாம். ஒட்டடை அடிக்கும் நாளில் தகவல் சொன்னால் நானே வந்து குனிந்து எடுத்துக்கொள்கிறேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் வருவேன்.

இப்படிக்கு,
இல்லாத பொருளின் உடைமையாளன்

இணைப்பு: காயலான் கடைச் சீட்டு, 1. எடை 4 கிலோ. விவரம்: பழைய பிளாஸ்டிக்.