புழக்கடைத் திணை: விரட்டலும் விரட்டல் நிமித்தமும்

மலையைக் குறிஞ்சிக்கும் காட்டை முல்லைக்கும் வயலை மருதத்துக்கும் கடற்கரையை நெய்தலுக்கும் பிரித்துக் கொடுத்த தொல்காப்பியர், கிணற்றடிக்கும் பின்மதிலுக்கும் நடுவே கிடக்கும் இரண்டு சென்ட் நிலத்தை மட்டும் யார் பெயருக்கும் எழுதாமல் விட்டுவிட்டார். பாலைக்கு நிலமே ஒதுக்காதவர் என்பதால் இதை ஓரவஞ்சனை என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த இரண்டு சென்டில் கத்தரி காய்க்கிறது, கோழி மேய்கிறது, வீட்டுக்காரர் துடைப்பத்தோடு ஓடுகிறார். நிலம் இருக்கிறது, பொழுது இருக்கிறது, ஒழுக்கமும் இருக்கிறது, இலக்கணம்தான் இல்லை. அக்குறை தீர்க்கவே புழக்கடைத் திணை என்னும் இவ்வாய்வு எழுந்தது.

முதற்பொருளில் நிலம், பின்கதவைத் திறந்தால் தெரிவது. சிறுபொழுது நண்பகல், அதாவது சாப்பாடு முடிந்து வீட்டார் கண்ணயரும் வேளை. இது தற்செயலன்று. கோழி மண்ணில் புரண்டு குளிப்பது பெரும்பாலும் நடுப்பகலில்தான். இறகில் மிகுந்த எண்ணெய்ப் பசையையும் பேனையும் உதறுவதற்கு அதற்குப் பொடிமண் வேண்டும். வீட்டில் அப்படிப்பட்ட மண் ஒரே இடத்தில்தான் உண்டு: காலையில் கொத்தி, கட்டி உடைத்து, விதை போட்ட பாத்தியில்.

கருப்பொருளாவன: தெய்வம், சேவற்கொடியோன். அவன் ஏற்கெனவே குறிஞ்சிக்குப் பொறுப்பு. இங்கே கூடுதல் பொறுப்பு மட்டும். உணவு, நொய்யும் கரையானும் நாம் விதைத்த கீரையும். மரம், முருங்கை. விலங்கு, கீரி. பறை, தகர டப்பா. யாழ், முட்டையிட்ட கோழியின் கொக்கரிப்பு. தொழில், வேலி கட்டலும் மறுபடி கட்டலும். இனி உரிப்பொருள்: விரட்டலும் விரட்டல் நிமித்தமும் என்க.

திணை புதிது, ஒழுக்கம் பழையது. அஃதென்னையெனின், கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்ணொருத்தி காயப்போட்ட தானியத்தைத் தின்ன வந்த கோழியைக் காதுக் குழையை எறிந்து விரட்டுகிறாள். அந்தக் கனத்த குழை, பிள்ளைகள் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேரை வழிமறித்துக் கிடக்கிறது. இதை நகரின் செல்வச் செழிப்புக்குச் சான்றென்பர். யாம் அவ்வாறு கொள்ளோம். கல், விறகு, அகப்பை எல்லாம் எறிந்து தீர்ந்த பிறகே ஒருத்தியின் கை காது வரை போகும். எறிந்த குழை கோழிமேல் பட்டதாகவும் புலவர் சொல்லவில்லை. கோழி விரட்டலில் தமிழருக்குக் கிடைத்த மிகப் பழைய கள அறிக்கை இது, முடிவு, தோல்வி.

உறையூருக்குக் கோழி என்றொரு பெயர் வந்த கதையும் இங்கே எண்ணத்தக்கது. அவ்விடத்தில் ஒரு சேவல் யானையை எதிர்த்து வென்றதாம். சோழர் அந்த மண்ணின் வலிமை கண்டு அதைத் தலைநகராக்கினர் என்பர். யானையை வென்ற குலத்தை ஆறடி நைலான் வலை நிறுத்திவிடும் என்று கடைக்காரர் சொன்னால், வாங்குபவர் அதை ஐயப்பாட்டோடு அணுகுக.

ஆனாலும் வலை விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. ஏனெனில் தோட்டம் காக்கும் அறிஞருள் வேலிக் கட்சியாரே மிகுதி. மூங்கில் படல், கருவேல முள், பழைய மீன்வலை, ஒரே ஒரு கல்யாணத்துக்குக் கட்டிய சேலை என்று கிடைத்ததையெல்லாம் இவர்கள் கட்டுவர். நார்வேக்காரரான தோர்லீஃப் ஷெல்டெரூப்-எப்பே 1921இல் எழுதியதை இவர்கள் படித்ததில்லை. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு என்று கண்டவர் அவர். முதல் கோழி எல்லாரையும் கொத்தும். கடைசிக் கோழி எல்லாரிடமும் கொத்து வாங்கும். தீனித் தட்டில் இடம் கிடைக்காத அந்தக் கடைசிக் கோழிதான் நாள் முழுக்க வேலியோரமாகவே நடந்து ஓட்டை தேடுகிறது. நாம் வேலி கட்டுவதோ, கொழுத்து, அசைந்து, முற்றத்தின் நடுவில் நிற்கும் முதல் கோழியை மனத்தில் வைத்து.

காரக் கட்சியார் மிளகாயை அரைத்துக் கரைத்துத் தெளிப்பர். இக்கொள்கை தோன்றியது கோழியிடமிருந்தன்று, தம் நாக்கிலிருந்து. மிளகாயின் எரிச்சலைப் பாலூட்டிகளுக்கு உணர்த்தும் நரம்பு வாயில் பறவைகளுக்கும் உண்டு. ஆனால் மிளகாய்க்கு அது திறப்பதில்லை. இதைக் கோழியின் நரம்பணுவைக் கொண்டே டேவிட் ஜூலியஸும் அவர் சகாவும் 2002இல் காட்டினர். அந்த வாயிலை முதலில் கண்டறிந்ததற்காக ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசும் வந்தது. அதன் பின்னும் காரக் கட்சி கலையவில்லை. எதிர்க்காற்றில் தெளித்தால் பலன் உடனே தெரிகிறது, தெளித்தவர் கண்ணில்.

குரலை மட்டும் நம்பும் விரட்டுக் கட்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "ச்சூ" என்று துரத்தும் அதே வாய்தான் மறுநாள் காலை "பா பா பா" என்று நொய்யோடு கூப்பிடுகிறது. இரண்டையும் அழைப்பாகவே கோழி எடுத்துக்கொள்வது தருக்கப்படி சரியே.

இனி சித்தாந்தம். அதை உரைத்தவர் பக்கத்து வீட்டு அத்தை. "ஏன் தம்பி கோழியோட மல்லுக்கட்டுற? மண்ண மூடு. அது அதும்பாட்டுக்குப் போயிரும்."

கோழி செடியைத் தாக்குவதில்லை, இளகிய மண்ணைத் தாக்குகிறது என்பதே இதன் பொருள். அதன் முன்னோர் காட்டில் சருகைக் கிளறிப் பிழைத்தவர்கள். முல்லைக்குரிய புள் காட்டுக்கோழி என்று வகுத்தவர்கள் சரியாகத்தான் வகுத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்தே வீட்டுக் கோழிக்கு மஞ்சள் தோல் வந்தது என்று 2008இல் மரபணு ஆய்வு சொன்னது. ஆகவே நம் புழக்கடையில் மஞ்சள் கால் கோழி ஒன்று நின்றால், அது முல்லையிலிருந்து குடிபெயர்ந்த உறவு வழிக்காரர். நாமோ மண்ணைக் கொத்துகிறோம், எரு கலக்கிறோம், நீர் விடுகிறோம், மண்புழுவை மேலே வரச் செய்கிறோம். பந்தியில் இலை போட்டுப் பாயசம் வரை பரிமாறிவிட்டு, உட்கார்ந்தவரை எழுப்பி விரட்டுவது போன்ற செயல் இது. எப்போது எந்த மண் இளகியிருக்கலாம், எது மூடியிருக்க வேண்டும் என்று முறை வைப்பதே இத்திணையின் ஆண்டுப் பராமரிப்பு முழுவதும்.

முதுவேனிலில் தொடங்குவோம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று நமக்குச் சொன்னதைக் கோழியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கீரை விதை பொடி. சீராக விழுவதற்காக மணலில் கலந்து தூவுகிறோம். கோழிக்குப் பல் இல்லை. பொடிக்கல்லை விழுங்கி, அதைக் கொண்டு வயிற்றுக்குள் அரைக்கிறது. ஆக, தானியமும் அம்மியும் ஒரே தூவலில் பரிமாறப்படுகின்றன. இதற்கு மருந்து, தூவிய கையோடு பாத்தி முழுவதும் தென்னங்கீற்றைப் பரப்பி மேலே நாலு கல் வைப்பது. நாலைந்து நாளில் முளை தெரிந்ததும், கோழி அடைந்த பிறகு சாயங்காலத்தில் கீற்றை எடுக்க வேண்டும். எடுத்த பின் கீரைக்கு மட்டும் வலைதான் கதி. மண்ணை மறந்து இலையையே கோழி தின்னும் ஒரே இடம் அது; வேலிக் கட்சியார் வெல்லும் ஒரே இடமும் அது. பழுத்த தக்காளியைப் பற்றி இங்கே பேசவில்லை. நமக்கு மூன்று நிற உணர்வணு என்றால் கோழிக்கு நான்கு, புற ஊதா வரை பார்க்கும். நமக்குமுன் அதற்குப் பழுக்கிறது. காயிலேயே பறித்து வீட்டுக்குள் பழுக்க வைக்க.

கத்தரி நாற்றைப் பழைய வாளியில் விட்டு, ஒரு மாதம் கடந்ததும் பிடுங்கி நட்டு, தண்டைச் சுற்றி உடைந்த ஓட்டையும் செங்கல்லையும் பதித்துவிட்டால் கோழிக்கு அங்கே வேலையில்லை. புடலை, சுரை, பூசணிக் குழிகளுக்குப் பஞ்சாரம். கோழிக்குஞ்சைக் கவிழ்க்கச் செய்த கூடையை நாற்றின்மேல் கவிழ்த்துவிட்டுக் கோழியை வெளியே விடுவது இத்திணைக்கே உரிய தலைகீழ் மரபு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றால் பஞ்சாரத்தின்மேல் எதைத் தூக்கி வைப்பது என்ற ஐயம் மட்டும் இன்னும் தீரவில்லை.

கார்காலத்துக்கு, அதாவது ஆவணி புரட்டாசிக்கு, ஒரு வரி போதும்: செடி முழங்கால் உயரம் வந்தபின், அடையப் போகும் முன் ஒரு மணி நேரம் கோழியை உள்ளே விடுக. வயிறு பாதி நிறைந்த வேளை. புழு பொறுக்கும், பாத்தியைப் பெயர்க்க நேரமிராது.

கூதிர் வேறு விஷயம். ஐப்பசி அடைமழையில் தோட்டம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், வடிகால் மட்டும் வெட்டியிருந்தால். துன்பம் கூட்டுக்கு இடம் மாறுகிறது. கூட்டின் தரை ஈரமானால் குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் வரும். உமியோ மரத்தூளோ கனமாகப் பரப்பி, கட்டி பிடிக்காமல் கிளறி, நனைந்ததை அள்ளிப் புதிது போட வேண்டும். தோட்டத்தில் கிளறாதே என்று ஆண்டு முழுக்கத் திட்டியவர் இப்போது கூட்டுக்குள் குனிந்து தாமே கிளறுகிறார். அள்ளியதை அப்படியே செடிக்கடியில் கொட்டுவாரும் உளர். அவர் மறுவாரம் செடியைக் காணார். கோழி எச்சத்தில் தழைச்சத்து மிகுதி, பெரும்பகுதி யூரிக் அமிலமாக. அது அம்மோனியாவாக மாறும் வேகத்தில் வேர் வெந்துபோகும். சருகோடு மாற்றி மாற்றி அடுக்கி, மேலே சாக்கு மூடி, சில மாதம் மக்கவிட்டால் வேனிலில் அருமையான எரு. மழை நின்று பெய்யும் பகல்களில் தாழ்வாரத்தில் கோழியும் மனிதரும் ஒரே திசையைப் பார்த்து நிற்பர். இத்திணையில் போர்நிறுத்தம் அப்போதுதான்.

முன்பனியில் ஒரு வேடிக்கை. ஆடியில் போட்ட நாட்டு அவரை, இலையும் கொடியுமாகப் பந்தலை மூடிக்கொண்டு, பகல் சுருங்கும்வரை பூக்காது. கோழிக்கோ பகல் நீண்டால்தான் முட்டையில் ஊக்கம். மார்கழியில் ஒன்று தரத் தொடங்கும்போது மற்றது கையைச் சுருக்கும். அவரையில் அசுவினி அண்டினால் காலைப் பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பல் தூவுவர். மிச்சச் சாம்பலை ஒரு மூலையில் குழி வெட்டிக் கொட்டினால் கோழி அங்கேயே குளிக்கும், பாத்தியைத் தேடாது. ஒரே சாம்பலில் இரு தரப்புக்கும் மருத்துவம்.

பின்பனியில் மறக்கக் கூடாதது ஊசி. வெள்ளைக் கழிச்சலுக்குக் கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் முகாம் நடத்தும். இங்கிலாந்தின் நியூகாசில், இமயமலைப் பக்கத்து ராணிகேத் என இரண்டு ஊர்களின் பெயரைச் சுமக்கும் நோய் அது. வந்தால் கூடு காலி. பகலில் துரத்திப் பிடிக்க நினைப்பவர் மூச்சிரைப்பர். முந்தின இரவே, அடைந்திருக்கும்போது தூக்கிக் கூடையில் போட்டு வைக்க. இந்தப் பருவத்தில் ஒரு பெட்டை அடைகாக்க உட்கார்ந்தால் தோட்டத்துக்கு 21 நாள் நிம்மதி. 22ஆம் நாள் அது பத்துக் குஞ்சுகளுக்குக் கிளறல் பாடம் எடுக்க வருகிறது.

சித்திரையில்தான் இத்திணையின் தலைவன் கோழி என்பது வெளிப்படும். காய்ப்பு ஓய்ந்த செடிகளைப் பிடுங்கி, வேலியை அவிழ்த்து, பின்கதவை முழுக்கத் திறந்துவிட வேண்டும். கோடையில் உழுது போடச் சொல்வதன் பயன்களில் ஒன்று, மண்ணுக்குள் உறங்கும் கூட்டுப்புழு வெயிலிலும் பறவை வாயிலும் அகப்படும் என்பது. அந்த வேலையை ஏர் இல்லாமல், கூலி இல்லாமல், அடிக்காத இடம் விடாமல் கோழி செய்து முடிக்கும். களை விதையையும் பொறுக்கும். எச்சத்தையும் அங்கேயே இடும். விதைக்க இன்னும் மாதங்கள் இருப்பதால் அது மக்கவும் நேரமுண்டு. மே 4இல் கத்திரி தொடங்கினால் பந்தல் நிழலில் அகலச் சட்டியில் தண்ணீர் வைப்பது ஒன்றே நம் பங்கு. ஆனிக் கடைசியில் மறுபடி வேலியைக் கட்ட வேண்டும். கடைசிக் கோழி எங்கே நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே கட்டுக.

புறனடை: வாத்து வளர்ப்போர்க்கு இவ்விலக்கணம் பொருந்தாது. வாத்து கிளறாது, நத்தையைத் தேடித் தின்னும் என்று சொல்லி அவர்கள் பெருமைப்படுவர். ஆனால் மிதிக்கும், தண்ணீர்ச் சட்டி எங்கே இருக்கிறதோ அங்கே சேறாக்கும். அதற்கான திணையை அவர்களே வகுத்துக்கொள்க.