ஆள்காட்டி விரலுக்கு 14

கோயம்பேட்டில் தக்காளிக்குக் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. விரலுக்கு அப்படியில்லை. பல பத்தாண்டுகளாக ஒரே விலைதான். ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14 சதவீதம். நடுவிரல் 12. மோதிர விரலும் சுண்டுவிரலும் தலா 7. ஆளைச் சுட்டிக் காட்டுகிற விரலுக்கு மட்டும் ஏன் இரட்டிப்பு என்று கேட்காதீர்கள். அது போனால் முதலாளிக்கு எவ்வளவு நிம்மதி! எலும்பு சேதமில்லாமல் நுனி மட்டும் துண்டானால் மோதிர விரலுக்கு 2. இந்த நுனி வெட்டுக்குச் சட்டப் புத்தகம் வைத்திருக்கும் பெயர் கில்லட்டின். பிரெஞ்சுக்காரர்கள் ராஜாவின் கழுத்துக்கு வைத்திருந்த மரியாதையை நாம் ஹெல்பர் பையனின் விரல் நுனிக்குக் கொடுத்திருக்கிறோம்.

இந்த விலைப்பட்டியல் 1923-இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் இருந்தது. 2009-இல் சட்டத்தின் பெயரை மாற்றினார்கள். 2020-இல் அதைச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் மடித்து வைத்தார்கள். விரல் மட்டும் பழைய விலையிலேயே நிற்கிறது.

கணக்கு சுலபம். மாதச் சம்பளத்தில் 60 சதவீதம். அதை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கு. வருவதில் விரலின் சதவீதத்தை எடு. வயது 16 என்றால் அந்த எண் 228.54. வயது ஏற ஏற இறங்கி, 65-இல் 99.37. சம்பளத்துக்கும் ஒரு கூரை உண்டு. பத்து வருஷம் 8,000 ரூபாயில் நின்றிருந்ததை 2020 ஜனவரியில் 15,000 ஆக்கினார்கள். நீ மாதம் 24,000 வாங்கியிருந்தாலும் விரல் போன நிமிஷத்தில் உன் சம்பளம் 15,000தான். ஆக, 25 வயதுக்காரனின் மோதிர விரல் 1,36,653 ரூபாய் 30 காசு. அந்த 30 காசைக் கவனியுங்கள், நியாயம் சில்லறை வரை பார்த்திருக்கிறது.

ஏகலைவனுக்கு 16 வயது, உச்சவரம்புச் சம்பளம் என்று வைத்துக்கொண்டால் கட்டைவிரலுக்கு 30 சதவீதம், 6,17,058 ரூபாய் வரும். ஆனால் கிடைத்திருக்காது. துரோணரின் வக்கீல் முதல் வாய்தாவிலேயே எழுந்து நின்று, "இவர் எங்கள் ஆளே இல்லை, பதிவேட்டில் பெயர் இல்லை" என்று சொல்லியிருப்பார்.

சிரிக்க வேண்டாம். விரலின் விலையை மதிப்பிடும் ஆராய்ச்சி தொடங்குவதே அங்கேதான். பவர் பிரஸ்ஸில் கை மாட்டியவனை ஆட்டோவில் ஏற்றும்போதே ஆபீஸில் ஆராய்ச்சி ஆரம்பமாகிவிடும். இவன் கம்பெனி ஆளா, காண்ட்ராக்ட் ஆளா? காண்ட்ராக்டர் எங்கே? போன் ஸ்விட்ச் ஆஃப். சம்பளம் எவ்வளவு? கையில் கொடுத்தது ஒன்று, ரெஜிஸ்டரில் எழுதியது ஒன்று. எது சின்னதோ அதுதான் உண்மை. இ.எஸ்.ஐ. உண்டா? விபத்து காலையில் நடந்திருக்கும், இ.எஸ்.ஐ. எண் சாயங்காலம் பிறக்கும். அந்த எண் பிறந்துவிட்டால் முதலாளிக்கு விடுதலை. இ.எஸ்.ஐ.யில் இருப்பவன் அவரிடம் தனியாக இழப்பீடு கேட்கச் சட்டத்தில் வழியில்லை.

இந்த ஆராய்ச்சியின் முனைவர் பட்டம் பாதுகாப்புச் சாதன விஷயத்தில்தான். பவர் பிரஸ்ஸில் கை நுழைந்தால் மெஷின் நிற்க சென்சார் இருக்கும். அது அடிக்கடி நிறுத்தினால் பீஸ் குறையும். பீஸ் குறைந்தால் சூப்பர்வைசருக்குத் திட்டு விழும். "அதை ஆஃப் பண்ணிட்டு ஓட்டுடா" என்பார். இது ஷிஃப்ட் நேரத்துத் தமிழ். இதே வாக்கியம் விசாரணை நேரத்தில், "தொழிலாளி பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றினார்" என்று ஸ்டார்ச் போட்ட வேட்டி கட்டிக்கொண்டு வரும். அப்படி அகற்றியவனுக்கு இழப்பீடு கிடையாது என்று சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறதே! குடித்திருந்தாலும் கிடையாது. ஆகவே ரத்தம் நிற்பதற்குள் வாயை முகர்ந்து பார்க்க ஓர் ஆள் தயார்.

இந்த விலக்கிலும் ஒரு கருணை உண்டு. தொழிலாளி செத்துவிட்டாலோ, நிரந்தரமாக முழுவதும் முடங்கிவிட்டாலோ இது பொருந்தாது. ஒழுக்கப் பாடமெல்லாம் அரைகுறையாக நசுங்கியவனுக்குத்தான். சட்டத்தின் முழு அன்பும் வேண்டுமென்றால் முழுசாகப் போய்ச் சேர வேண்டும்.

விரல் துண்டாகாமல் ஒட்டிக்கொண்டே இருந்து, மடங்க மறுத்தால்? பட்டியலில் இல்லை, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று டாக்டர் சொல்ல வேண்டும். இவன் பக்கத்து டாக்டர் 30 என்பார், இன்சூரன்ஸ் பக்கத்து டாக்டர் 5 என்பார். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ அந்த விரல் விறைத்து நிற்கும். ஒரு மாதத்தில் பணம் தராவிட்டால் வட்டி, நியாயமான காரணமில்லாமல் இழுத்தால் பாதி வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. "நியாயமான காரணம்" எழுதிக் கொடுக்கத்தானே வக்கீல்களுக்கு ஃபீஸ்.

1975-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு தச்சரின் வழக்கு வந்தது. இடது கையை முழங்கைக்கு மேல் வெட்டி எடுத்திருந்தார்கள். ஒரு கைதானே, பகுதி ஊனம்தானே என்றது முதலாளி தரப்பு. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே இது முழு ஊனம் என்றது நீதிமன்றம். மரத்தைப் பிடிக்க ஒரு கை, ரம்பம் இழுக்க ஒரு கை. இதைக் கண்டுபிடிக்க இந்த நாட்டில் உச்ச நீதிமன்றம் வரை ஆராய வேண்டியிருந்தது.

முதலாளிகளும் அதில் பாடம் படித்துக்கொண்டார்கள். தச்சர், ஆபரேட்டர் என்று எழுதினால்தானே வம்பு? பிரஸ் ஓட்டுகிறவனையும் பதிவேட்டில் "ஹெல்பர்" என்று எழுதிவிடுகிறார்கள். பெருக்குவதற்கும் பெட்டி தூக்குவதற்கும் பத்து விரலா வேண்டும்?

மெஷினுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அதன் மதிப்புக்கு உச்சவரம்பு கிடையாது, எந்த வருஷம் வாங்கியது, என்ன மாடல், யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பையனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு உள்ளே திரும்புகிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது மெஷினின் டையை. கீறல் இல்லை என்று தெரிந்ததும் பழந்துணியால் துடைத்துவிட்டு, அடுத்த ஹெல்பரைக் கூப்பிடுகிறார்கள்.