'டோர்டு' தெரியுமா?

தினமும் பத்து ஆங்கில வார்த்தைக்கு அர்த்தம் மனப்பாடம் செய்கிறேன். ஆங்கிலம் வந்துவிடுமா? (கரூர் வாசகர்)

வார்த்தை வரும், வாக்கியம் வர வேண்டுமே! 'ஆர்டியுவஸ்' என்றால் 'கடினமான' என்று படித்த பக்கத்து வீட்டுப் பையன், மறுநாள் ஹோட்டலில் "பரோட்டா ஆர்டியுவஸ்" என்றான். பரோட்டா கல் மாதிரிதான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வார்த்தை பாடுபட வைக்கும் வேலைக்கு, பல்லுக்கு அல்ல. அர்த்தத்தோடு, அது வந்த வாக்கியத்தையும் எழுதி வையுங்கள்.

ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம் போதாதா? (தேனி வாசகி)

'செட்' என்ற மூன்றெழுத்துக்கு 1989 ஆக்ஸ்போர்டு அகராதியில் 430 அர்த்தங்கள். இதில் நம்ம ஊர் செட் தோசை சேர்த்தியில்லை.

அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? (வேலூர் வாசகர்)

கண்ணை மூடினால் எப்படிப் படிப்பீர்கள்? 1934 வெப்ஸ்டர் அகராதியில் 'டோர்டு' என்றொரு சொல், பொருள், அடர்த்தி. உண்மையில் அது 'பெரிய டி அல்லது சின்ன டி' என்று அடர்த்தியின் சுருக்கக் குறியீட்டுக்காக எழுதிய சீட்டு. நடுவிலிருந்த 'அல்லது', அதாவது ஆங்கில 'ஆர்', ஒட்டிக்கொண்டு சொல்லாகிவிட்டது! கண்டுபிடிக்க 5 வருடம். அதற்குள் எத்தனை புண்ணியவான்கள் மனப்பாடம் செய்தார்களோ!

எங்கள் அப்பத்தாவுக்கு ஒரு ஆங்கில வார்த்தைகூடத் தெரியாது. பாவமில்லையா? (சிவகங்கை வாசகர்)

கட்டுமரம், சுருட்டு தெரியுமல்லவா? 'கேட்டமரான்', 'செரூட்' என்று இரண்டுமே ஆங்கில அகராதியில் இருக்கின்றன. மிளகுத்தண்ணீர்கூட 'மல்லிகடானி'யாகப் போய்ச் சேர்ந்தது. அதில் அவர்கள் கோழியைப் போட்ட விஷயத்தை மட்டும் அப்பத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள்.