சம்பளம் வாங்காத தலைவர்

மலேசியாவில் ஓர் அமைச்சரின் மாதச் சம்பளம் 14,907 வெள்ளி. இதை ரந்தாவ் சாலையோரச் சாப்பாட்டுக்கடையில் உரக்கப் படித்தால், தோட்டத்துப் பெரியவர்கள் முதலில் கேட்பது, "ஓவர்டைம் சேத்தா, சேக்காமலா?"

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. ஆக, செம்பனைக் குலை வெட்டுகிற ஒன்பது பேரைச் சேர்த்தால் ஏறக்குறைய ஓர் அமைச்சர். ஒன்பது பேரும் விடிவதற்குள் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நின்றாக வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

பக்கத்துச் சிங்கப்பூரில் புது அமைச்சருக்கே ஆண்டுக்கு 11 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி என்பது கணக்கு. நிறையக் கொடுத்தால் கை நீளாது என்று அவர்கள் நம்பிக்கை. 2024 அக்டோபரில் அங்கே முன்னாள் போக்குவரத்து அமைச்சர் ஈஸ்வரனுக்கு 12 மாதச் சிறை. வாங்கிய அன்பளிப்புகளில் கார் பந்தய டிக்கெட்டும் உண்டு. அவ்வளவு சம்பளக்காரருக்கு ஓசி டிக்கெட் எதற்கு என்று கடையில் ஒரு மணி நேரம் பேசினோம். பேசியவர்களில் இருவர் தேநீருக்குக் காசு கொடுக்கவில்லை.

நம் நாடு எதிர்த்திசையில் போகிறது. 2018இல் அமைச்சர்களுக்கு 10 விழுக்காடு சம்பள வெட்டு. 2022 டிசம்பரில் 20 விழுக்காடு. அன்வாரோ பிரதமர் சம்பளமே வேண்டாம் என்றுவிட்டார். 2018 இடைத்தேர்தலில் எங்கள் போர்ட்டிக்சனில் நின்று வென்றவர். தம்புன் தொகுதிக்கு மாறிய பிறகுதான் சம்பளமில்லாப் பிரதமர் ஆனார். அதில் எங்கள் ஆட்களுக்குச் சின்ன வருத்தம்.

எனக்கு வருத்தமில்லை, பயம். சம்பளம் வாங்காத தலைவர் என்றாலே தோட்டத்தில் பிறந்தவனுக்குக் கோயில் தலைவர் ஞாபகம்தான் வரும். திருவிழாக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். "நான் என்ன சம்பளம் வாங்கிக்கிட்டா செய்றேன்? சொந்தக் காசுல பெட்ரோல் ஊத்தி ஓடுறேன். ஆத்தாவுக்குத் தெரியும்." ஆத்தாவுக்குத் தெரியும்தான். ஆனால் ஆத்தா ஆண்டுக் கூட்டத்துக்கு வருவதில்லையே.

தோட்டத்துக் கணக்கரான கிராணியார் கதை வேறு. அவர் மாசச் சம்பளக்காரர். ரப்பர் பால் எடை கொஞ்சம் குறைந்தாலும் தராசு முன்னாலேயே என் அம்மா அவருடைய பரம்பரையை இழுத்துவிடுவார். கிராணியார் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி நிறுப்பார்.

ஆகவே என் கட்சி இது: அமைச்சருக்கு முழுச் சம்பளம் கொடுங்கள், வேண்டுமானால் மேலேயும் போட்டுக் கொடுங்கள். 20 விழுக்காடு விட்டுக்கொடுத்தவரை 80 விழுக்காடுதான் திட்ட முடிகிறது. மனசு நிறையமாட்டேன் என்கிறது.

அரசாங்க ஊழியர் விஷயத்தில் இந்தக் கஷ்டமில்லை. பெரும்பாலோருக்கு 2024 டிசம்பரில் 8 விழுக்காடு, 2026 ஜனவரியில் இன்னொரு 7. கவுண்டரில் காக்க வைத்தால், "எட்டும் ஏழும் வாங்கியாச்சில்ல" என்று முணுமுணுக்க நமக்கும் ஒரு பிடி கிடைத்தது. "மாப்பிள்ளை கவர்மெண்டு வேலை" என்று சொல்லுமுன் கல்யாணத் தரகர் தொண்டையைச் செருமும் தோரணையே மாறிவிட்டது.

இந்தச் சித்தாந்தத்தைச் சோதித்துப் பார்க்க, கோயில் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, தலைவருக்கு மாதம் 200 வெள்ளி சம்பளம் என்று முன்மொழிந்தேன். தலைவர் எழுந்தார். கண் கலங்கியிருந்தது. "ஆத்தா சேவைக்குக் கூலியா, தம்பி?" என்றார். கூட்டம் கைதட்டியது. யாரோ பொன்னாடை வேறு போர்த்தினார்கள். நேரமாகிவிட்டதால் வரவு செலவுக் கணக்கு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.