ஓரமா நில்லுலே, பேராண்டி!

ஏலே பேராண்டி, பாட்டுக் குழுவுக்கு உன் பேரத்தான் வைக்கணும்னு மத்த பயலுவகிட்ட மல்லுக்கு நிக்கியாமே? நில்லு, நில்லு. கூட்டம் உன் குரலுக்குத்தான வருது, நியாயந்தான். அமெரிக்காவுல டேவிட் ரஃபின்னு ஒரு பாட்டுக்காரனும் இதே நியாயத்தத்தான் பேசினான்.

டெட்ராய்ட்டுல ‘டெம்ப்டேஷன்ஸ்’னு அஞ்சு பேரு. 1961-ல மோட்டவுன் பாட்டுக் கம்பெனியில சேந்தாவ. 1964 கடைசியில ‘மை கேர்ள்’ பாட்டு வந்துது, மறுவருசம் நாட்டுலயே முதலிடம். முன்னால நின்னு பாடினவன் ரஃபின். பொறவு என்ன? தனிக் காரு கேட்டான். குழுவுக்கு முன்னால எம்பேரப் போடுன்னான். 1968-ல வெளிய அனுப்பிட்டாவ. பய விட்டானா? அவுக கச்சேரியில விறுவிறுன்னு மேடையேறி, மைக்கப் பிடுங்கிப் பாடினான்! சனம் கை தட்டுச்சு. ஆனா பழைய எடம் அப்போ திரும்பக் கெடைக்கல.

அதே குழுவுல ஓட்டிஸ் வில்லியம்ஸுனு இன்னொருத்தரு. தனியாப் பாடினது அபூர்வம். பக்கத்துல நின்னு கூட்டுக் குரல் குடுப்பாரு, சோலி அட்கின்ஸ் வாத்தியாரு சொல்லிக் குடுத்தபடி காலு வைப்பாரு, அவ்வளவுதான். இருபதுக்கு மேல ஆளுவ வந்தாவ, போனாவ. தொடங்கின அஞ்சு பேருல மிச்சம் இவரு ஒருத்தருதான்.

2024 நவம்பர்ல நியூயார்க்குல மேசிஸ் கடையோட நன்றி நாள் ஊர்வலம், 98-வது தடவ. நல்ல மழை. அதுக்கு டெம்ப்டேஷன்ஸும் வந்தாவ. ஓட்டிஸுக்கு அப்போ 83 வயசு. நாலு கிலோமீட்டர் ஊர்வலம், டிவிக்காரன் கேமரா வச்சு நிக்கிறது சரியா கடை வாசல்ல. கடைசியில சாண்டா தாத்தா வந்து எறங்குவாரு, கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடு பிடிக்கும். கடைக்காரன் பொழைக்கத் தெரிஞ்சவன்லே!

இன்னொண்ணு கேளு. அந்த ஊர்வலத்து ரதத்துல ஏறுத பாட்டுக்காரவ நெசமாப் பாடுததில்ல. 2018-ல அதுல ஏறின பாட்டுக்காரரு ஜான் லெஜண்டே போட்டு உடைச்சுட்டாரு: ரதத்துல அதுக்குத் தோதான ஒலிச் சாமான் கெடையாது, எல்லாரும் வாயத்தான் அசைக்கோம்னு. பாத்தியா கூத்த? குரலுக்கே சோலியில்லாத மேடை. அங்க உன்ன மாதிரிக் குயிலுக்கு என்ன மருவாதி?

அதனால நான் சொல்லுதபடி செய்யி. மைக்க அந்தக் கட்டக்குரல் பயகிட்ட குடு. நீ ஓரமா நின்னு காலத் தப்பாம வை. அதுவும் வரலியா, வெசனப்படாத. வாய மட்டும் அழகா அசை. நம்மூரு ஸ்பீக்கர் இரைச்சல்ல எவன்லே கண்டுபிடிக்கப் போறான்?